ராக்காயிக்கு வந்த சிங்களக் கடிதம்

புளியங்குளத்தில் சிங்களம் பேசத் தெரிந்தவர்கள் அந்தக் காலத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் தெரியும் என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் ராக்காயிதான். மற்றவர்கள் நாடு கிடந்த கிடையில் தெரிந்ததையும் விழுங்கிவிட்டு இருந்தார்கள். ராக்காயிக்கு அந்தச் சூது வராது.

அவள் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமம். அந்தப் பிள்ளைகளோடு ஆற்றில் குளித்து, சண்டை பிடித்து வளர்ந்ததில் அவர்களுடைய பாஷை தானாக நாக்கில் ஏறிக்கொண்டது. எழுபத்தேழுக் கலவரத்தில் அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைக்க வந்தவர்களிடமும் அதே பாஷையில்தான் கெஞ்சினாள். அது உயிரைக் காப்பாற்றியது, வீட்டைக் காப்பாற்றவில்லை. புருசன் பொன்னையாவோடு வன்னிக்கு வந்து காடு வெட்டினாள். பொன்னையா தொண்ணூற்றொன்றில் மலேரியாவில் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு பாதர் மரியநேசனின் கோயிலைக் கூட்டி, அவருடைய குசினியில் சமைத்துக் காலத்தை ஓட்டினாள். மாதா சுரூபத்தைத் துடைத்த கையோடு பிள்ளையாருக்குப் பூப் பறிப்பாள். பாதரும் குறை சொன்னதில்லை, பிள்ளையார் கோயில் ஐயரும் சொன்னதில்லை.

அவளுக்கு இருந்தது ஒரே மகள், பிரியந்தினி. பதினாறு வயதில் கிணற்றடிக்குப் போய்வருவதற்குள் இரண்டு தரம் குந்தியிருந்து மூச்சு வாங்குவாள். இதயத்தில் வால்வு பழுது, கொழும்பில் வெட்டித்தான் சரிப்படுத்த வேண்டும் என்று வவுனியா டொக்டர் சொல்லிவிட்டார். ஐயரும் பாதரும் சேர்ந்து நாலு தரம் அலைந்து இந்தப் பக்கத்தை விட்டு வெளியேறும் பாஸை எடுத்துக் கொடுத்தார்கள். ஆமிக்காரர் நின்ற அந்தப் பக்கம் போவதற்குப் பொறுப்பு நிற்க அங்கே ஓர் ஆள் வேண்டும். கொழும்பில் ராக்காயிக்கு யாரைத் தெரியும்?

அப்படியிருக்கையில்தான் தொண்ணூற்றைந்து மாசியில் ஒரு பிக்கு வந்தார். சண்டை நின்றிருந்த மாதங்கள் அவை. தெற்கிலிருந்து சமயப் பெரியவர்கள் சிலர் சனத்தைப் பார்க்க வந்தார்கள். அவர்களை வரவேற்கும் பொறுப்பு பாதர் தலையிலும் ஐயர் தலையிலும் விழுந்தது. மத்தியானம் தாண்டினால் பிக்குமார் சாப்பிடமாட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. ராக்காயிதான் சொன்னாள். ஐயர் வீட்டு மரக்கறியும் பாதர் வீட்டுச் சோறுமாகப் பதினொரு மணிக்கே பந்தி வைத்தாள். பிக்கு வயிறாரச் சாப்பிட்டார்.

பிறகு கூட்டம். ஐயரும் பாதரும் பிக்குவும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தவள் பாதரின் கோயிலைக் கூட்டுகிறவள். அந்த ஒரு மணித்தியாலம் ராக்காயி நிமிர்ந்து நின்றதை அதற்கு முன்னும் பின்னும் ஒருவரும் கண்டதில்லை. உச்சரிப்பைக் கேட்டு, நீ எங்கள் ஊர்க்காரி மாதிரிப் பேசுகிறாயே என்று பிக்கு சிரித்தார். அந்தச் சிரிப்பு கொடுத்த துணிவில் அவள் மகளின் கதையைச் சொன்னாள். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. நோய், வயது, டொக்டரின் பெயர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பெரிய டொக்டர் ஒருவர் தனக்குப் பழக்கம், தானே பொறுப்பு நிற்பேன், நாள் குறித்து எழுதுகிறேன் என்றார். போகும்போது திரும்பி நின்று ஒன்று கேட்டார்.

"உனக்குச் சிங்களத்தில் எழுதினால் போதும்தானே?"

ராக்காயிக்கு எந்த எழுத்தும் தெரியாது. எட்டு வயதில் கொழுந்து பறிக்கப் போனவளுக்குத் தமிழ் அகரமே பிடிபடவில்லை. ஆனால் பாதர் பார்த்துக்கொண்டிருந்தார், ஐயர் பார்த்துக்கொண்டிருந்தார், ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஓம் என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்காக அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நாற்பத்தைந்து வருசத்தில் ஒரு நாள் பெரிய மனுசியாக நின்றவள், அந்த நாளை எப்படி உடைப்பாள்?

கடிதம் ஏப்ரல் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை வந்தது. செஞ்சிலுவைச் சங்க வாகனச் சாரதி பாலன் கொண்டுவந்து பாதரிடம் கொடுத்துவிட்டு, மரத்தடியில் நின்று தேத்தண்ணீர் குடித்தான். பாதர் உறையைக் கிழித்துப் பார்த்தார்.

"எல்லாம் சிங்களமாக் கிடக்கு. உங்களுக்குத்தானே எழுதியிருக்கிறார், வாசியுங்கோ."

"கண்ணாடி வீட்டுல கெடக்கு சாமி. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்," என்றாள் ராக்காயி. பதினெட்டு வருசம் வன்னியில் இருந்தும் தோட்டத்துப் பேச்சு அவளை விட்டுப் போகவில்லை. கண்ணாடி என்று ஒன்று அவள் வாழ்க்கையில் இருந்ததில்லை. பாதருக்கு அது தெரியாது.

வீட்டில் பிரியந்தினி கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முறுக்குப் பிழிந்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றாள். சிரித்ததற்கே இருமல் வந்துவிட்டது.

கிளிநொச்சியில் கணபதி என்ற பழைய தபால்காரர் இருந்தார். சிங்களப் பகுதியில் இருபது வருசம் வேலை பார்த்தவர். பாதருக்குத் தெரியாமல் அவரிடம் வாசிப்பித்துக்கொண்டு வந்து, தானே வாசித்த மாதிரிச் சொல்லிவிடலாம் என்பது ராக்காயியின் கணக்கு. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போனாள். கணபதி முள்ளியவளையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், வெள்ளிதான் வருவார் என்றார்கள். புதனும் வியாழனும் அவள் கோயிலைக் கூட்டினாள். பாதர் கேட்டபோது, நாள் இன்னும் வைக்கவில்லையாம் என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கணபதி கதிரையில் உட்கார்ந்து கடிதத்தை முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"இண்டைக்கு என்ன தேதி, பிள்ளை?"

ஏழு. கடிதத்தில் இருந்தது ஆறு. 'வியாழக்கிழமை மகளைத் தாண்டிக்குளம் சோதனைச் சாவடிக்குக் கூட்டி வா. காலையிலிருந்து நான் அங்கே நிற்பேன். வெள்ளிக்கிழமைக்குக் கொழும்பு ஆஸ்பத்திரியில் கட்டில் ஒதுக்கியிருக்கிறார்கள்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. நாலே வரி.

அவள் ஓடிவந்து பாதரின் காலில் விழுந்தாள். பாதர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்றைக்கே ஆங்கிலத்தில் மறுகடிதம் எழுதினார். சித்திரைப் புதுவருசம் வந்து அலுவலகங்கள் பூட்டின. பத்தொன்பதாம் தேதி சண்டை மறுபடி தொடங்கியது. பாதை பூட்டுப்பட்டது, திறந்தது, மறுபடி பூட்டுப்பட்டது. பாஸ் காலாவதியானது. ஐயரும் பாதரும் மறுபடி அலைந்தார்கள். இந்த முறை கதவைத் திறக்கவே ஆள் இல்லை.

வைகாசியில் பாலன் வந்தபோது தானாகவே சொன்னான். அந்த வியாழக்கிழமை ஒரு வயதுபோன பிக்கு குடையோடு சோதனைச் சாவடியில் நின்றாராம். வருகிற ஒவ்வொரு சனத்தையும் உற்று உற்றுப் பார்த்தாராம். பாதை பூட்டுமட்டும் போகவில்லையாம்.

"சாப்பிட்டாராப்பா?" என்று ராக்காயி கேட்டாள்.

"ஆமிக்காரர் பின்னேரம் சோறு குடுத்தவங்கள். வேண்டாம் எண்டிட்டார். ஏன் அக்கா, கடிதம் கிடைச்சதுதானே? அண்டைக்கு என்னட்டத் தந்திருந்தா நானே வாசிச்சுச் சொல்லியிருப்பனே. நான் வவுனியாவில சிங்களமும் படிச்சனான்."

ராக்காயி அவன் அன்றைக்குத் தேத்தண்ணீர் குடித்த மரத்தடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆவணியில் பிரியந்தினி செத்துப்போனாள். கிணற்றடிக்குப் போகவில்லை, ஓடவில்லை. பாயில் எழும்பி இருந்தபடியே மூச்சு நின்றுபோனது. ஐயர் வந்து கிரியையை முன்னின்று நடத்தினார். பாதர் வெறுங்காலோடு சுடலைவரை நடந்தார். இரண்டு பேரும் தங்களால் முடிந்த எல்லாவற்றையும் செய்தார்கள். செய்து என்ன?

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் பாதர் காகிதத்தோடு குசினிக்கு வந்தார். பிக்குவுக்கு அறிவிக்க வேண்டும், அவர் இன்னும் பிள்ளையை விசாரித்து ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார், என்ன எழுத என்று கேட்டார். ராக்காயி அடுப்பில் கிடந்த விறகை உள்ளே தள்ளினாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு எழுதுங்க சாமி," என்றாள். "அத மொதல்ல எழுதுங்க. புள்ள செத்தத அதுக்குப் பொறவு எழுதுங்க."