கல்லூரி வாசலுக்கு எதிரே பத்துக் கடைகள்

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியின் வாசலுக்கு நேர் எதிரே, ஓடு வேய்ந்த பத்துக் கடைகள் ஒரே வரிசையாக இருந்தன. அதில் ஒன்று என் அம்மாவின் தையல் கடை. ஜாக்கெட் தைப்பது, புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, தொண்ணூறுகள் பிறந்த பிறகு கல்லூரிப் பெண்களுக்குச் சுடிதார். நான் பள்ளி விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதியதும் பரீட்சைக்குப் படித்ததும் அந்தக் கடையில், துணி வெட்டும் மேசையின் ஒரு ஓரத்தில்தான். அப்பாவுக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. கல்யாணமான புதிதில் இருவரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வீடு அசோக் நகரில் இருந்தது. ஆனாலும் யாராவது என்னை எந்த ஊர் என்று கேட்டால் எனக்கு அந்தத் தெருதான் முதலில் நினைவுக்கு வரும்.

நல்ல தெரு என்று சொல்ல முடியாது. பாதி ஓடு உடைந்து, மேலே தார்ப்பாய் கட்டியிருக்கும். ஐப்பசி மழையில் சாக்கடை பொங்கிக் கடைப் படி வரைக்கும் வந்துவிடும். செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை போட்டுவைப்போம். கல்லூரிப் பெண்கள் ஒரு கையில் செருப்பும் மறு கையில் நோட்டுமாக அதன்மேல் நடந்து வருவார்கள். கடைக்கும் கடைக்கும் நடுவே இருந்த சுவர் ஆள் உயரம்தான். கூரைக்கும் அதற்கும் நடுவே காலி இடம். அதனால் ஒரு கடையில் பேசுவது பத்துக் கடைக்கும் கேட்கும். பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். மின்சாரம் நின்றதும் சுவருக்கு மேலே அவர் குரல் வரும்.

"இன்னாக்கா, உங்குளுக்கும் கரன்ட் பூட்ச்சா?"

"போயிட்டு தம்பி."

அவ்வளவுதான், எல்லோரும் தெருவுக்கு வந்துவிடுவோம். பாதி நோட்ஸ் ஜெராக்ஸ் ஆன நிலையில் பெண்களும் நிற்பார்கள். மறுநாள் பரீட்சை என்றால்கூட யாருக்கும் அவசரம் இருக்காது. ஜூஸ் கடைக்காரர் ஐஸ் உருகிவிடும் என்று புலம்பிக்கொண்டே சாத்துக்குடியைப் பிழிவார். சூடான ஜெராக்ஸ் தாளின் வாசனை, மெஷின் எண்ணெய், சாத்துக்குடித் தோல் எல்லாம் கலந்து ஒரு மணம் இருக்கும். இன்றைக்கும் எங்காவது அதில் கொஞ்சம் வந்தால் திரும்பிப் பார்க்கிறேன்.

பிளஸ் டூ முடித்து அதே கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. அம்மாவுக்கு ரொம்பப் பெருமை. காலையில் ஒன்றாக பஸ் ஏறி வருவோம். அம்மா சாலையின் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். மத்தியானம் நான் கடைக்கு வந்து சாப்பிடுவேன். தோழிகளும் வருவார்கள். மேசையில் துணியை ஒதுக்கிவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்போம். அம்மா எங்களோடு சாப்பிடுவாள், ஆனால் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஒரு வாய் நனைத்துக்கொள்வதோடு சரி. அது அவள் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

இரண்டாம் வருஷம் சித்திரை வெயிலில் அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அசோக் நகரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். சிறுநீரில் தொற்று என்றார் அவர். இது முதல் தடவை இல்லை என்றும் பேச்சில் தெரிந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறீங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் மெதுவாகச் சொன்னாள்: "காலையில காப்பி. கடையைப் பூட்டி வீட்டுக்குப் போனப்புறம் குடிப்பேன் டாக்டர். கடைப் பக்கம் போறதுக்கு இடம் கிடையாது."

பத்துக் கடைக்கும் கழிப்பறை இல்லை. ஆண்கள் சுவர் ஓரம் ஒதுங்கிக்கொள்வார்கள். முன்பு பின் தெருவில் ஒரு வீட்டு அம்மாள், கொல்லைப்புறம் போய்க்கொள்ள அம்மாவை விட்டிருந்தார். அந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்டிய பிறகு அதுவும் போயிற்று. இத்தனைக்கும் எதிரே நான் படித்த கல்லூரியில் மாடிக்கு மாடி கழிப்பறை. நான் தினமும் போய்க்கொண்டிருந்தேன்.

அம்மா கடைக்குத் திரும்பிய அன்று மத்தியானம் அவள் கையைப் பிடித்து கல்லூரி வாசலுக்குக் கூட்டிப்போனேன். வாட்ச்மேன் தடுத்தார்.

"யாரும்மா இவங்க? வெளியாளுங்களை விடக்கூடாது."

"எங்கம்மா. உடம்பு சரியில்ல. அஞ்சு நிமிஷத்துல வந்துடுவோம்."

அவருக்கு அம்மாவைத் தெரியும். அவர் பெண்ணின் பாவாடை சட்டைகூட அம்மா தைத்ததுதான். கேட்டை லேசாகத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அதற்குப்பின் ஒவ்வொரு மத்தியானமும் அப்படியே போய் வந்தோம். ஆனால் எனக்கு விடுமுறை என்றால் அம்மாவுக்கு வழி இல்லை. நான் இல்லாமல் தனியாகப் போய் நிற்க அவளுக்குக் கூச்சம்.

நான் படிப்பை முடிக்கும் வருஷத்தில்தான் தெருவை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. பத்துக் கடைக்கும் ஒரே சொந்தக்காரர், மாட வீதிப் பக்கம் குடியிருந்த பெரியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். அம்மா என்னையும் கூட்டிப்போனாள். "ஏட்டி, இங்கிலீஷ்ல எழுதியிருந்தா நீ படிச்சுச் சொல்லு" என்றாள்.

கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். நடுவில் இன்ஜினியர் ஒரு பெரிய வரைபடத்தை விரித்து நான்கு மூலையிலும் காபி டம்ளரை வைத்தார். கீழே பத்துக் கடை, ஷட்டர் போட்டு. மாடியைக் கம்ப்யூட்டர் சென்டருக்கு விடுவதாக இருந்தார்கள். ஒன்றரை வருஷம் எல்லோரும் வெளியே இருக்க வேண்டும். திரும்ப வரும்போது பழைய ஆட்களுக்கே கடை. உடனே பேச்சு சூடு பிடித்தது. யாருக்கு முனைக் கடை, யாருக்கு வாசலுக்கு நேர் எதிர்க் கடை என்பதே எல்லோருடைய கவலையும். ஜூஸ் கடைக்காரர் முனைக் கடை இல்லையென்றால் காலி பண்ண மாட்டேன் என்றார்.

அம்மா குனிந்து வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் காதருகே கேட்டாள்: "இதுல கக்கூஸ் எங்கட்டி இருக்கு?"

தேடினேன். மாடியில் ஒன்று இருந்தது. அது கம்ப்யூட்டர் சென்டருக்கு மட்டும்தான் என்றார் இன்ஜினியர்.

"அப்ப கீழ?"

"கீழ போட்டா ஒரு கடை போயிடும்மா."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவு ஆண்களுக்கு நடுவே அவள் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. "கக்கூஸ் இல்லாத கட்டடத்துக்காக நான் கடையைக் காலி பண்ண மாட்டேங்கய்யா" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெரியவர் கோபப்படவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "ஏம்மா, இத்தனை வருஷமா என்ன பண்ணிண்டிருந்தேள்?"

"தண்ணி குடிக்காம இருந்தேங்கய்யா."

ஜெராக்ஸ்காரர்தான் முதலில் பேசினார். "சார், எங்கைல வேலைக்கு வர்ற பொண்ணுங்க மூணு மாசத்துல நின்னுபூடுதுங்க. சம்பளம் பத்தல போலன்னு நென்ச்சிக்கினு இருந்தேன். இப்பத்தான் இன்னா விஷயம்னு புரியுது. என் கடைல ஒரு அடி எட்த்துக்கங்க."

அவர் சொன்ன பிறகு மற்றவர்களால் மறுக்க முடியவில்லை. ஜூஸ் கடைக்காரர் மட்டும் முணுமுணுத்தார். இன்ஜினியர் பென்சிலை எடுத்து, பத்துக் கடையையும் கொஞ்சம் கொஞ்சம் ஒடுக்கி, வரிசையின் கடைசியில் ஆணுக்கும் பெண்ணுக்குமாக இரண்டு சின்னக் கட்டங்கள் போட்டார். அவற்றை ஒட்டிய கடை யாருக்கு என்று அடுத்த பிரச்சினை. நாற்றம் வருமே என்று யாரும் அதை விரும்பவில்லை. அம்மா "எனக்குப் போட்டுக்கங்க" என்றாள். மெஷின் வேலைக்கு வாசலுக்கு நேர் எதிர்க் கடை எதற்கு என்று என்னிடம் பிற்பாடு சொன்னாள்.

பொங்கல் கழிந்து இடிக்கத் தொடங்கினார்கள். நான் போய்ப் பார்த்தேன். அம்மா வரவில்லை. வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டு அன்றே தைக்க ஆரம்பித்திருந்தாள். ஓடுகளை இறக்கி அடுக்கிவிட்டு ஆட்கள் சுவரைத் தள்ளினார்கள். ஆள் உயரச் சுவர்கள்தானே, மத்தியானத்துக்குள் எல்லாம் விழுந்துவிட்டன. எங்கள் கடைச் சுவரில் அம்மா அவசரத்துக்குக் கரியால் எழுதிவைத்த யார் யாருடைய அளவுகளோ ஒரு துண்டில் அப்படியே தெரிந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் வந்து சொன்னபோது அம்மா ஊசியில் நூல் கோத்தபடி, "அந்தச் சுவரு எப்பவோ விழுந்திருக்கணும்" என்றாள்.

புதுக் கட்டடம் சொன்னதை விட ஆறு மாதம் தாமதமாகத் திறந்தது. படிகளில் கிரானைட், ஒவ்வொரு கடைக்கும் ஷட்டர், கூரை வரைக்கும் எழும்பிய சுவர். பக்கத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் ஓடியது. யாரும் வெளியே வருவதில்லை. நான் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் கடைக்கு வந்து உட்காரும்போது தவறான இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

பெண்கள் கழிப்பறையின் சாவி அம்மாவிடம்தான் இருந்தது. பினாயில் ஊற்றிக் கழுவ ஆள் வைத்ததும் அவள்தான். சாவியை மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டியிருப்பாள். ஜெராக்ஸ் கடைப் பெண்கள் எடுத்துப் போவார்கள். கொஞ்ச நாளில் பட்டினப்பாக்கத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் பெண்ணும், எதிர் நடைபாதையில் பூக்கட்டி விற்ற பெண்ணும் வரத் தொடங்கினார்கள். கண்டவர்களுக்கும் எதற்குச் சாவி என்று ஜூஸ் கடைக்காரர் கேட்டார். "நீங்க வந்து கழுவுதீங்களா? ஆள் வச்சுக் கழுவுதவ நான்தானே, பாத்துக்கிடுதேன்" என்றாள் அம்மா.

ஒருநாள் என்னோடு படித்த தோழி ஒருத்தி கல்யாண ஜாக்கெட் தைக்க வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "பழைய கடைதான் ஆன்ட்டி நல்லா இருந்தது. எவ்வளவு ஜாலியா இருப்போம்" என்றாள். நான் உடனே ஆமாம் என்றேன். இருவரும் மழையையும் பலகையையும் பற்றிப் பேசிக்கொண்டே போனோம். வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி அம்மா அவள் தோளில் துணியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"உங்களுக்கு அது கிளாஸ் விட்டு வந்து உக்கார்ற இடம்மா. நல்லாத்தான் இருந்திருக்கும். கையைத் தூக்கு, கக்கத்துல பிடிக்குதான்னு பாக்கணும்."

அவள் கையைத் தூக்கினாள். அம்மா ஒரு விரல் அகலம் தளர்த்திக் குறித்துக்கொண்டாள்.