பெரட்டில் கூப்பிட்ட பெயர்கள்

“எழுதத் தெரிஞ்சவதானே நீ? எழுதி அனுப்புன ஆளுங்கள எழுதியே திரும்பக் கூட்டிட்டு வா, பாப்போம்லா.”

பெரியப்பா எல்லார் முன்னாலும் இப்படிக் கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் எங்கள் கிராணி காய்ச்சலில் விழுந்ததும் ஆபீஸ் நாற்காலி எனக்கு வந்தது. பெருமையாகத்தான் இருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று ஜப்பான்காரர்கள் சொன்னபோது பட்டியல் எழுதியதும் நான்தான். என் அண்ணன் அருளப்பன் பெயரை அழகான கையெழுத்தில் எழுதினேன். அண்ணியும் நாலு வயது மேரியும் கூடவே போனார்கள்.

இரண்டு வருஷமாகச் சேதி இல்லை. பிறகு தப்பி வந்த ஒருவர் சொன்னார். அண்ணனும் அண்ணியும் வாந்திபேதியில் போய்விட்டார்கள். பிள்ளை மட்டும் அங்கே ஏதோ ஒரு கொட்டகையில் இருக்கிறாள். அன்றுதான் பெரியப்பா அப்படிக் கேட்டார்.

ஜப்பான் ஆபீசுக்கு மூன்று முறை மனு எழுதினேன். பதில் இல்லை. முழங்கால் போட்டால் ஜெபமும் வரவில்லை. ஒரு விடியற்காலையில் அலமாரியிலிருந்து பழைய செக்ரோலை, ஆட்களின் பெயர்ப் புத்தகத்தை, எடுத்தேன். களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவோமே, அந்தப் பெரட்டு வரிசையிலேயே சயாமுக்குப் போனவர்களின் பெயர்களை வாசித்தேன். “ஆண்டவரே, இவங்கதான்” என்று முடித்தேன். தினமும் அதுவே என் ஜெபமாயிற்று. நாளாக ஆகப் புத்தகம் தேவைப்படவில்லை. அண்ணன் பெயர் வரும்போது மட்டும் பழைய பெரட்டு கண்முன் நிற்கும். பெரட்டுக்கு வரும்போது மேரி அவர் தோளில் இருப்பாள். அப்பாவை முந்திக்கொண்டு “வந்தேன்யா!” என்று கத்துவாள். களமே சிரிக்கும்.

நாலாவது மாதம், நோயாளிகளையும் அநாதைப் பிள்ளைகளையும் ஏற்றிய ரயில் லாபிஸில் நிற்கும் என்று சேதி வந்தது. ஓடினேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்தவர். “பிள்ளை, தங்கட தோட்டம் எதெண்டு தெரிஞ்ச பிள்ளையளைத்தான் இறக்க விடுவாங்கள். மற்றதுகள் ஜொகூர் பாரு முகாமுக்குப் போகுதுகள். எஞ்சின் தண்ணி பிடிக்குமட்டும்தான் நேரம். கெதியாப் பாரும்.”

சரக்குப் பெட்டி நிறைய பிள்ளைகள். எல்லாம் மொட்டைத் தலை, வீங்கிய வயிறு, கால் முழுக்கப் புண். “மேரி!” என்றேன். ஒரு தலையும் அசையவில்லை. “எந்தத் தோட்டம்மா நீ?” என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். வெறித்துப் பார்த்தார்கள். எஞ்சினுக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. சிப்பாய் கதவில் கை வைத்தான்.

என் அண்ணன் பிள்ளையை எனக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஜெபம் ஒன்றுதான். அதைச் சத்தமாக, பெரட்டில் கூப்பிடுவது போலவே சொன்னேன்.

“அந்தோணி! முனியாண்டி! வீராசாமி! அருளப்பன்!”

“வந்தேன்யா.”

மூலையிலிருந்து கம்மிய குரல். ஆண் பிள்ளை என்று நினைத்து நான் தாண்டிப் போன பிள்ளை.

அள்ளிக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருப்பேன். ஸ்டேஷன் மாஸ்டர்தான், “நிப்பாட்டாதையும் பிள்ளை, கூப்பிடும்!” என்று அதட்டினார். கூப்பிட்டேன். சின்னக்கண்ணு என்றதும் ஒரு சிறுமி எழுந்து, “அது எங்கம்மா” என்றாள். பெருமாள் என்றதும் அண்ணன் தம்பி இருவர் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். நான் ஒருத்தியைத்தான் கேட்டேன். கர்த்தர் நாலு பேரை இறக்கினார்.

மற்றவர்கள் மேல் கதவு மூடியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அண்ணன் திரும்பவில்லை. நான் எழுதிய பட்டியலும் அழியாது. ஆனால் எந்தக் கையால் எழுதினேனோ அதே கைக்குக் கர்த்தர் வேலை கொடுத்திருக்கிறார். உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது சயாமுக்குப் போயிருந்தால், ஜெபிக்க வார்த்தை வராவிட்டால், பெயரை மட்டுமாவது அவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கிறார். அந்தப் பெயரை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.

பெரியப்பாவே சாஆ ஊர் வரைக்கும் நடந்து போய், வழியிலிருந்த தோட்டங்களின் பெயர்ப் பட்டியல்களை வாங்கி வந்தார். நான் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, அந்த முகாமுக்குப் போகப் பயண அனுமதியும் வாங்கிவிட்டேன். இதை ஜொகூர் பாரு போகும் ரயிலில் எழுதுகிறேன். குளுவாங் தாண்டியாயிற்று. சாஆ பட்டியலை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். எதிரே இருக்கும் பெரியப்பா விடவில்லை.

“சத்தமாச் சொல்லிப் பழகும்மா. கடைசி மூலையில உள்ள புள்ளைக்கும் கேக்கணும்லா.”