நீலப் பெயின்ட் அடித்த ரோயல்டன்

அன்று எங்கள் முற்றத்தில் நின்றவர்கள் யார் யார் என்று முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். வாப்பா, உம்மா, என் அக்காவான பதினெட்டு வயது ராத்தா, உம்மாவின் தம்பியான சின்ன மாமா, கொழும்பிலிருந்து வந்த கண்ணாடி போட்ட மனிதர், அவருடைய லொறி ட்ரைவர், பத்து வயதில் நான். ஏழு பேர். மூன்று தரம் எண்ணிப் பார்த்துவிட்டேன். எதையும் மூன்று தரம் எண்ணாமல் எனக்கு நித்திரை வராது, அந்த வியாதி தொடங்கியதும் அந்த முற்றத்தில்தான். காரையும் சேர்த்தால் எட்டு. சேர்க்கத்தான் வேண்டும், பிரச்சினையே அதனால்தானே.

இதையெல்லாம் கிளறிவிட்டது இன்னொரு கார். ஆலங்குடாவில் நான் படுக்கை விரிப்புகள் கழுவிக் கொடுக்கும் ஹோட்டலின் வாசலில் போன மாதம் அது நின்றது. மூட்டையோடு அதன் பின்பக்கமாகப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ரோயல்டன் என்று பின்மூடியில் வெள்ளி எழுத்து. சாய்ந்த எழுத்து, கடைசி எழுத்தில் மீன் வாலைப் போல ஒரு இழுப்பு. உப்புக் காற்றுக்குப் பயந்து அரை மணிக்கொரு தரம் அதைத் துடைத்துக்கொண்டிருந்த ட்ரைவர் பையன், இது பழைய காலத்துப் பெயர் என்றும், கம்பனி அதைத் தேடி எடுத்துப் புதுக் காருக்கு வைத்திருக்கிறது என்றும், காசுள்ளவர்களுக்குப் பழைய பெயரென்றால் ஒரு மயக்கம் என்றும் எனக்கு விளக்கினான். எனக்கு அது இருபது வருடத்துக்கு முன்பே தெரியும் என்று சொல்லியிருக்கலாம். களைப்பாக இருந்தது. விரிப்புகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் ரோயல்டன் வாப்பாவின் வாப்பா வாங்கியது. கல்பிட்டியிலிருந்து புத்தளம் வரைக்கும் எத்தனையோ மாப்பிள்ளைமாரை நிக்காஹ்வுக்கு ஏற்றிப்போன கார். ஒரு காலத்தில் அது பால் நிறமாக இருந்ததாம். என் காலத்தில் அதற்கு என்ன நிறம் என்று யாராலும் சொல்ல முடியாது. கதவுகளின் அடிப்பக்கத்தைக் கடல்காற்று தின்றுவிட்டது. மாப்பிள்ளையின் வெள்ளை உடுப்பில் துருப் படாமலிருக்க உம்மா சீட்டுக்கு விரிப்புத் தைத்திருந்தா. பிறகு எல்லோரும் குளிர் போடுகிற வேன் பிடிக்கத் தொடங்கினார்கள். கார் தென்னை மரத்தடியில் நின்றது.

அந்த வருடம் ராத்தாவுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. கட்டாரில் வேலை செய்கிற மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டு வளவின் ஒரு மூலையில் வாப்பா கட்டிய வீடு சுவரோடு நின்றது, கூரை இல்லை. கூரை ஏறினால்தான் நாள் குறிப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் போனபிறகு வாப்பா வானத்தைப் பார்க்கிற நேரமெல்லாம் கூரையைப் பார்ப்பதாகவே எனக்குத் தோன்றும். ராத்தா உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தா. இனி என்னத்துக்குப் படிப்பு என்று உம்மா சொல்லியதிலிருந்து புத்தகத்தை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்துப் படித்தா.

அந்த நேரத்தில்தான் கண்ணாடிக்காரர் முதல் தரம் வந்தார். புதுக் கார்களை இறக்கி விற்கும் கம்பனியில் வேலை. ரோயல்டன் என்ற பெயரில் விலை கூடின புதுக் கார் ஒன்று வரப்போகிறது, அதன் பக்கத்தில் பழைய ரோயல்டன் ஒன்றைக் கம்பனியின் கண்ணாடிச் சுவர் வைத்த கடைக்குள் நிறுத்த வேண்டும், அதற்காக ஊர் ஊராகத் தேடுகிறேன் என்றார். எங்கள் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். துருவைக்கூட விரலால் தடவிப் படம் எடுத்தார். அவர் சொன்ன விலை கூரைக்கும் போதும், கதவு யன்னலுக்கும் போதும். வாப்பா இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அச்சவாரமாக இருபதாயிரம் கையில் வந்தது. பத்து நாளில் லொறி கொண்டுவருவதாக ஏற்பாடு.

வாப்பா அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். உம்மா குசினியில் அடுப்போடு. புறப்பட்ட மனிதர் வாசல் படலையிலிருந்து திரும்பி வந்து ராத்தாவையும் என்னையும் கூப்பிட்டார்.

“வாப்பாட்ட செல்லுங்க மகள், காரைக் கழுவவும் வேணாம். தூசி, துரு எல்லாம் அப்படியே இரிக்கட்டும். அதுக்குத்தான் இந்த விலை.”

ராத்தா ஓம் என்றா. நானும் ஓம் என்றேன்.

அடுத்த நாள் வாப்பா வாளி வாளியாகப் பெயின்ட் வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் கரையில் ஒரு வள்ளத்தைக்கூடப் பெயின்ட் அடிக்காமல் யாரும் கைமாற்ற மாட்டார்கள். ஓட்டை வள்ளம்தான், வாங்குகிறவனுக்கும் ஓட்டை தெரியும், ஆனாலும் பெயின்ட் அடித்துத்தான் கொடுக்க வேண்டும். அது மரியாதை. நாம் கேட்கக்கூட நினைக்காத விலையைத் தருகிற மனிதனுக்கு அந்த மரியாதையைச் செய்யாமல் விடுவதா? சின்ன மாமா பைபர் வள்ளம் திருத்துகிறவர். துருப்பிடித்த இடத்தையெல்லாம் வெட்டியெடுத்துவிட்டுப் பைபர் ஒட்டி, உரசி, வழுவழுப்பாக்கினார். மேலே வள்ளத்துக்கு அடிக்கிற நீலம். அச்சவாரம் முழுக்க அதிலேயே கரைந்தது.

ராத்தாவை இழுத்து, வாப்பாவிடம் சொன்னீங்களா என்று கேட்டேன்.

“செல்லிட்டன்.”

அப்படியென்றால் ஏன் பெயின்ட் அடிக்கிறார் என்று கேட்டேன்.

“பெரியாக்கள் கதைச்சு முடிச்சிட்டாங்க. நீ வாயப் பொத்திக்கிட்டு இரிடீ.”

சொல்லிவிட்டு ராத்தாவும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டா. வீட்டில் ஒரு கதிரையைக்கூடத் துடைக்காத ராத்தா, பாவாடையைச் சொருகிக்கொண்டு, மூன்று நாளும் கூலியாள் போல நின்று அடித்தா. இப்படி ஒரு பிள்ளையைப் பெற யாருக்குக் கிடைக்கும் என்று வாப்பா உம்மாவிடம் சொன்னார். பெயரின் எழுத்துகளைக் கழற்றி என்னிடம் தந்திருந்தார்கள். நான் அவற்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க, தூசி துரு அப்படியே இரிக்கட்டும் என்ற பேச்சுத்தான் காதில் கேட்டது. பெரியாக்கள் கதைத்து முடித்தது எனக்கு ஏன் இன்னும் கேட்க வேண்டும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பத்தாம் நாள் லொறி வந்தது. முதலில் சொன்ன ஏழு பேரும் முற்றத்தில் நின்றோம். கார் பக்கத்து மீன்பிடி ஊரான உடப்பின் கரையில் புதிதாக இறக்கிய வள்ளம் போல மின்னியது. வாப்பா குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்து, பெண்ணை ஒப்படைக்கிற தகப்பனைப் போல அதன் பக்கத்தில் நின்றார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். காரின் முன்பக்கத்தை விரல் மடித்துத் தட்டிப் பார்த்தார். தகரத்தின் சத்தம் வரவில்லை, வள்ளத்தின் சத்தம்தான் வந்தது.

சுரண்டித் தருகிறேன், இரண்டு நாள் தாங்க என்றார் வாப்பா. சின்ன மாமா உரசுகிற தாளை எடுக்க ஓடிவிட்டார்.

“கீழ ஒண்டும் இல்ல நானா. பேர் மட்டுந்தான் மிச்சம். பேர் எங்கட்டயும் இரிக்குது.”

கண்ணாடிக்காரர் கோபமில்லாமல்தான், வாப்பாவை அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிட்டுத்தான் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, அன்றைக்கு இந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத்தானே போனேன் என்றார்.

எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். ட்ரைவரும் பார்த்தான். நான் ராத்தாவைப் பார்த்தேன்.

“தங்கச்சிக்கிட்டத்தான் செல்லச் சொன்னன். அது மறந்திட்டு போல” என்றா ராத்தா.

அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏழு பேர் நிற்கிற இடத்தில் ராத்தா பொய் சொல்வா என்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம். ஒருவேளை உண்மையிலேயே நான்தான் மறந்துவிட்டேனோ என்று அந்த நிமிடம் எனக்கே சந்தேகம் வந்தது. ஓம் என்று தலையாட்டினேன்.

உம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தா. வாப்பா இடையில் வந்து என் தலையில் கை வைத்தார். ராத்தாவை ஒரு தரம் பார்த்தார், என் தலையிலிருந்த கையை எடுக்கவில்லை. லொறி வெறுமையாகப் போனது. அச்சவாரத்தைத் திருப்பித் தருகிறேன் என்று வாப்பா படலை வரைக்கும் போய்ச் சொன்னார். கண்ணாடிக்காரர் விலாசம் எழுதிக் கொடுத்தார்.

கூரை ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெருநாள் வரைக்கும் பார்த்துவிட்டு வேறிடம் போனார்கள். ராத்தா இரண்டு நாள் அழுதா. மூன்றாம் நாள் புத்தகம் அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து மேசைக்கு வந்தது. பரீட்சை பாஸ் பண்ணி, இன்று புத்தளத்தில் டீச்சர். நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். எதை எழுதினாலும் ஏதோ மறந்துவிட்டேன் என்று பயம், பேனை நகராது. மறதிக்காரி என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிந்தி ஏறிய அந்தக் கூரையின் கீழ் மணப்பெண்ணாக இருந்ததும் நான்தான்.

ராத்தா ஏன் அத்தனை ஆசையாகப் பெயின்ட் அடித்தா என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை. எனக்கும் பெண் பிள்ளை பிறந்து, அதற்கும் புத்தகம் பிடிக்கிறது என்று கண்ட பிறகுதான் விளங்கியது. வாப்பாவின் கை என் தலையில் ஏன் அவ்வளவு நேரம் இருந்தது என்பது அதற்கும் பிந்தி. வாப்பா கண்ணை மூடி மௌத்தாவதற்கு முந்தின கிழமை, அச்சவாரக் கடனில் கட்டினது எவ்வளவு, விலாசம் மாறித் திரும்பி வந்த மணியோடர் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக என்னிடம் ஒப்படைத்தார். டீச்சர் ராத்தாவைக் கூப்பிடட்டுமா, நான் மறந்திடுவேன் என்றேன்.

“நீ மறக்க மாட்டா மகள். நீ எப்பயும் ஒண்டயும் மறந்தது இல்ல.”

ஹோட்டலில் காரைப் பார்த்த அன்று பின்னேரம் ராத்தாவுக்குப் போன் எடுத்து, ரோயல்டன் திரும்பவும் வந்திருக்கிறது என்று சொன்னேன். என்ன நிறம் என்று கேட்டா. கறுப்பு என்றேன்.

“வாப்பாட கடன்ல மிச்சம் எவ்வளவுடீ?”

நான் எண்ணத் தேவையில்லை. நாலாயிரத்து இருநூற்றைம்பது ரூபா.