முனியாண்டி கோயில் முக்கில் கோப்பி

காலை ஆறரைக்கு லாயத்தில் லத்தி அள்ளுவது தனலெட்சுமியின் வேலை. அள்ளிக்கொண்டே கோப்பியோடு பேசுவது யாரும் கொடுக்காத வேலை.

"காலத் தூக்குடா. ஆமா, இவரு பெரிய ராஜா, கெஞ்சினாத்தான் தூக்குவாரு."

கோப்பி காலைத் தூக்கியது. குளம்பில் சிக்கியிருந்த கல்லைக் கொக்கியால் நெம்பி எடுத்தாள். நாலு வயதுக் குதிரை; பால் விடாத கோப்பியின் நிறம், அதனால் அந்தப் பெயர். இரண்டு வயதில் பந்திங்கில் இருக்கும் இந்தச் சவாரி லாயத்துக்கு வந்தபோது பிளாஸ்டிக் பை பறந்தாலே மிரண்டு ஓடும்.

தனலெட்சுமி கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினைந்து வருஷம் இருந்தவள். அதை மூடியதும் கூட்டிப் பெருக்கத்தான் இங்கே சேர்ந்தாள். குட்டி அவள் கையில் மட்டும் தீனி தின்றதால், முதலாளி கமலநாதன் அதைப் பழக்குவதையும் அவள் தலையில் கட்டிவிட்டார். மோட்டார் சைக்கிள் சத்தம், குறுக்கே ஓடும் உடும்பு, தொப்பென்று விழும் செம்பனை மட்டை, எல்லாவற்றையும் பழக்கினாள். முதலில் கயிற்றில் நடத்தினாள். பிறகு முதுகில் சாக்கு போட்டாள். நாற்பத்தாறு வயதில் தானே ஏறினாள். தினமும் செம்பனைக் காட்டுக்குள் ஒரு சுற்று.

அந்தச் சனிக்கிழமை பரீட்சை. முன்பின் தெரியாத ஒருவரைச் சுமந்து சுற்றி வந்தால் கோப்பி இங்கேயே இருக்கும். இல்லையென்றால் ஜொகூரிலிருந்து விலைக்குக் கேட்டவருக்குப் போகும்.

ஏறியவர் பங்சாரில் பல் டாக்டர், மலர்விழி. பின்னால் கிழட்டுக் குதிரையில் தனலெட்சுமி, அவளுக்கும் பின்னால் இன்னொரு குதிரையில் கமலநாதன். நாய் குரைத்தது. லோரி ஹாரன் அடித்தது. கோப்பி காதைக்கூட அசைக்கவில்லை. முனியாண்டி கோயில் முக்கு வந்ததும் நின்றுவிட்டது.

டாக்டர் குதிகாலால் தட்டினார், நாக்கைச் சொடுக்கினார். கோப்பி சாமியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

தனலெட்சுமிக்குக் காரணம் புரிந்துவிட்டது. முதன்முதலில் ஏறிய அன்று அந்த இடத்தில்தான் 'விழாம பாத்துக்கப்பா' என்று ஒரு கும்பிடு போட்டாள். விழவில்லை. அன்றிலிருந்து தினமும் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போவாள். இதையும் சேர்த்துத்தான் பழக்கியிருக்கிறோம் என்று தோன்றவே இல்லை.

"டாக்டர், கைய எடுத்து ஒரு கும்பிடு போடுங்க."

"அக்கா, நான் சர்ச்சுக்குப் போறவ லா!"

"அது அவனுக்குத் தெரியாது, டாக்டர்."

டாக்டர் சிரித்தபடி கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். கோப்பி நடந்தது.

அடுத்த வாரமும் இதே குதிரைதான் வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார். ஆபீஸ் அறையில் கமலநாதன் சிரிக்கவில்லை.

"நாளைக்கு ஒரு வெள்ளக்காரர் ஏறுவாரு. அவரையும் கும்பிடச் சொல்லுவியா?"

"சொன்னா போடுவாரு, பாஸ்."

"ஜொகூர்காரருக்குப் போன் போடட்டுமா?"

"போடுங்க. ஆனா இதையும் சொல்லிடுங்க. அவரு ஊருலயும் முக்குக்கு முக்கு கோயில் இருக்கு."

கமலநாதன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒரு மாசம் டைம். நாளையிலேர்ந்து நீ அங்க நிக்கக் கூடாது, கும்பிடக் கூடாது. நேரா ஓட்டிட்டுப் போகணும். அது மறந்துட்டா இங்கயே இருக்கட்டும். போவியா?"

தனலெட்சுமி சுவரில் மாட்டியிருந்த கடிவாளத்தை எடுத்துத் தோளில் போட்டாள். வார் முறுக்கியிருந்தது; நிதானமாகப் பிரித்தாள்.

"தனம், ஒன்னத்தான் கேக்குறேன்."

"நாளையிலேர்ந்துதானே, பாஸ்? இன்னிக்கு முனியாண்டிகிட்ட சொல்லிட்டு வந்துடுறேன்," என்று அவள் கதவைச் சாத்தாமலே வெளியே போனாள்.