அந்தப் பாட்டில் அழுவது யார்?

போன வாரம் அப்புத்தளையில் பஸ் ஏறினேன். பண்டாரவளைக்குப் போய் மூக்குக்கண்ணாடிக்கு வேறு பிரேம் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஜன்னலோர சீட் கிடைத்தது. வெளியே மூடுபனி. உள்ளே பாட்டு. நம் தனியார் பஸ்களில் பாட்டுக்கு என்ன குறை? டிரைவரின் போனிலிருந்து ஸ்பீக்கருக்கு வந்து, அங்கிருந்து நேராக நம் மண்டைக்குள் இறங்கும்.

நாலைந்து பாட்டு போனது. பிறகு அது வந்தது.

முதலில் ஒரு பெண் குரல் மட்டும். ‘எந்திரிங்க... எந்திரிங்க...’ என்று இழுத்துக் கூப்பிடும் குரல். அதன் மேல் டமார் என்று பீட் விழுந்தது. பின் சீட் இளைஞர்கள் கூடவே ‘எந்திரி! எந்திரி!’ என்று கத்தினார்கள். உங்களுக்கும் தெரிந்திருக்கும். இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் இப்போது இதுதான் ஹிட். இது ஒலித்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் எழுந்து ஆட வேண்டும் – அதுதான் சட்டம்.

முன் சீட்டிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். தோளில் பை, கையில் ஃபைல். பார்த்தாலே கல்லூரி மாணவி என்று தெரிந்தது. ஆடத்தான் எழுகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

“அண்ணே, அத நிப்பாட்டுங்க” என்றாள் கண்டக்டரிடம்.

“ஏன் தங்கச்சி, சத்தம் கூடவா?”

“நிப்பாட்டுங்கண்ணே. அது எங்க அம்மா.”

கண்டக்டருக்குப் புரியவில்லை. “அம்மா பாட்டுக்காரங்களா?” என்று சிரித்தபடி கேட்டார்.

“பாடல. அழுறாங்க. எங்க அப்பா செத்த அன்னைக்கு.”

டிரைவருக்கு அது கேட்டிருக்க வேண்டும். பாட்டு பாதியில் நின்றது. இத்தனை நாளும் நம் எல்லோரையும் ஆட்டி வைத்தது ஒரு சாவு வீட்டு அழுகையா?

அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். கையைப் பிடித்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பெயர் நிரோஷா. பதுளையில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் வீடு. அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா தேயிலை பெக்டரியில் வேலை செய்தவர்.

“விடியுறதுக்கு முன்னாடி எழுப்பிவிடுன்னு சொல்லிட்டுப் படுத்தாருக்கா. அம்மா போய் எழுப்புனாங்க. எந்திரிக்கல. அதத்தான் அம்மா சொல்லிச் சொல்லி அழுதாங்க. எழுப்பச் சொன்னீங்களே, எழுப்புறேனே, எந்திரிங்க, எந்திரிங்கன்னு...”

எனக்குக் கோபம் வந்தது. சாவு வீட்டில் போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடித்தது எந்தப் புண்ணியவான்? மனதுக்குள் இந்த வாரப் பத்தியில் பாதி தயாராகிவிட்டது – கையில் போன் வந்ததும் மனிதர்களுக்கு இதயம் போய்விட்டது, அது இது என்று. உங்களுக்குத்தான் என் பாட்டு மனப்பாடமாயிற்றே.

“யாரும்மா அதை எடுத்தது?” என்றேன்.

“நான்தான்.”

என் பாதிப் பத்தி அந்த இடத்திலேயே செத்துப்போனது.

“சித்தப்பா கட்டார்ல இருக்காருக்கா. அப்பாவோட ஒரே தம்பி. லீவு குடுக்கல. அண்ணன் மொகத்த ஒரு தடவ காட்டுங்கன்னு அழுதாரு. நான் லைவ் போட்டேன். வீட்டாளுங்க மட்டும் பாக்குற மாதிரி வைக்கணும்னு அந்த நேரம் எனக்குத் தோணல. அங்கேருந்து யாரோ எடுத்துட்டாங்க.”

போன் இல்லையென்றால் கடல் கடந்து இருக்கும் தம்பி அண்ணனின் முகத்தைக் கடைசியாகப் பார்த்திருக்க முடியாது. போன் இருந்ததால்... இது.

அவளுக்கே இது தெரியவந்தது வகுப்பு வட்ஸ்அப் குரூப்பில். கூடப் படிக்கும் ஒரு பெண் சிரிக்கும் பொம்மைகளோடு போட்டிருக்கிறாள். அந்தப் பாட்டு ஓடும் வீடியோ செயலிக்குப் புகார் செய்தாளாம். விதிமீறல் எதுவும் இல்லை என்று உடனே பதில் வந்ததாம். இதைச் செய்தவர் பண்டாரவளையில் இருக்கிற ஒரு டிஜே என்று கண்டுபிடித்து மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். பதிலே இல்லை.

“அதான் நேர்ல போறேன். ஞாயித்துக்கெழம எங்க மாமா மகளுக்குக் கல்யாணம். டிஜே வச்சிருக்காங்க. அம்மா வருவாங்க. அம்மாவுக்கு இது தெரியாதுக்கா. தெரியவே கூடாது.”

கண்ணாடி எங்கே போகிறது? பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவளோடு இறங்கினேன்.

ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி. சின்ன அறை. சுவர் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள். யோகன் என்கிற அந்த டிஜேக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். எங்களைக் கண்டதும் எழுந்து, “வாங்க வாங்க, உக்காருங்க. என்ன விசேஷம்? கல்யாணமா, சாமத்திய வீடா?” என்றார். ரவுடி மாதிரி ஒருவனை எதிர்பார்த்துப் போன எனக்கு அதுவே ஒரு ஏமாற்றம்.

நான் வாயைத் திறக்குமுன் நிரோஷா, “அந்த எந்திரிங்க பாட்டு நீங்க செஞ்சதா?” என்று கேட்டாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஆமாங்க! அதுக்கு இப்ப ரெண்டாவது வெர்ஷன் செய்றேன். இன்னும் வெளிய விடல. கேக்குறீங்களா?”

போட்டார்.

அதே குரல். அதே இழுப்பு, அதே விம்மல். ஆனால் வார்த்தை வேறு. ‘எந்திரிங்க... யோகன் வந்தாச்சு... டிஜே யோகன் வந்தாச்சு...’

நான் ஸ்பீக்கரையே வெறித்துப் பார்த்தேன். ஒரு விதவையின் குரல், அவர் வாழ்க்கையில் சொல்லியே இராத வார்த்தைகளை அழுதுகொண்டிருந்தது!

“ஏஐ மேடம்” என்றார் யோகன் பெருமையாக. “குரல் கொஞ்சம் இருந்தாப் போதும். என்ன வேணும்னாலும் சொல்ல வைக்கலாம்.”

நிரோஷா அழவில்லை. கத்தவுமில்லை. “ஒரிஜினல் இருக்கா? பீட் இல்லாம, வெட்டாம?” என்றாள். இருந்தது. “போடுங்க.”

அந்த அறையில் அந்தக் குரல் தனியாகக் கேட்டது. பின்னால் யாரோ இருமுகிறார்கள். யாரோ நாற்காலி இழுக்கிறார்கள். அழுகை கொஞ்சம் ஓய்ந்தபோது, போனுக்கு மிக அருகிலிருந்து வேறொரு பெண்ணின் குரல் – “சித்தப்பா, தெரியுதா? அப்பா மொகம் தெரியுதா? இன்னும் கிட்ட கொண்டு போகவா?”

யோகன் நிரோஷாவை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அவசரமாக நிறுத்தினார்.

“ஏதோ படத்து சீன்னு நெனச்சேன் தங்கச்சி... சத்தியமா.”

“இந்த எடத்தக் கேட்டுட்டுத்தான வெட்டுனீங்க?” என்றாள். “இதையுமா படம்னு நெனச்சீங்க?”

தலையைக் குனிந்துகொண்டு, “நெறைய கேப்போம் தங்கச்சி. ஒரு நாளைக்கு எவ்வளவோ சவுண்ட் வரும். அதுல ஆளு இருக்குன்னே தோணுறதில்ல” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இங்கேதான். பொய் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. இது உண்மை.

இரண்டு வெர்ஷனையும் எங்கள் கண் முன்னால் அழித்தார். தன் பக்கத்திலிருந்து எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு வரும் டிஜே இவருக்குத் தெரிந்தவராம். அங்கேயே போன் போட்டு, “மச்சான், அதப் போடாத. கேட்டாலும் போடாத” என்றார். ஆனால் ஊரெல்லாம் டவுன்லோட் ஆனதை யார் அழிப்பது? அதற்கு அவரிடமும் வழியில்லை.

கீழே வந்து பக்கத்துக் கடையில் ப்ளேன்டீ குடித்தோம். “இனிமே போனையே தொட மாட்டே, இல்லையா?” என்று கேட்டேன்.

“ஏங்கா? நான் படிக்கிறதே அதானே” என்றாள். “போன் மேல எனக்குக் கோவம் இல்ல. டூரிஸ்ட் வர்றான், கொழுந்துக் கூடையோட அம்மாவச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறான், பேரு கேக்கிறதில்ல. நம்ம ஆளு வர்றான், நாங்க இருக்குற லயத்தக் காட்டி சோக மியூசிக் போடுறான், அவனும் கேக்கிறதில்ல. ஒருத்தனுக்கு நாங்க சிரிக்கணும், ஒருத்தனுக்கு அழணும். சும்மா இருந்தா வியூ வராதாம். முந்தியெல்லாம் நடிக்கிறவங்க நடிச்சாங்க, பாக்குறவங்க பாத்தாங்க. இப்ப நாம பாட்டுக்கு வாழ்ந்தாலே அடுத்தவனுக்கு ஷோ ஆயிருது.”

ஊடகம் பற்றி எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். இதை ஒரு தடவைகூட இப்படிச் சொன்னதில்லை. நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு மாலை போன் வந்தது. குரல் சரியில்லை.

“பாட்டு போட்டுட்டாங்களா?” என்று பதறினேன்.

“போடலக்கா. ஆனா பசங்க கேட்டாங்க. எந்திரி போடு, எந்திரி போடுன்னு டிஜேகிட்ட சத்தம். நான் ஓடுனேன். எனக்கு முன்னாடியே அம்மா அங்க நிக்கிறாங்க.”

“அம்மாவா?”

“அந்தப் பசங்களோட கையப் பிடிச்சுக்கிட்டு மெதுவாச் சொல்றாங்க... ‘அத மட்டும் வேணாந்தம்பி. எம் மக இங்க இருக்கா. அவளுக்குத் தெரியாது. போனப் பிடிச்சது அவதான். தெரிஞ்சா பிள்ள தாங்காது’ன்னு. நான் அம்மாவுக்குப் பின்னாலயே நின்னுக்கிட்டு இருந்தேன்.”

“அம்மாவுக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

அம்மாவுக்கு மாதக்கணக்காகத் தெரியுமாம். மலையில் கொழுந்து பறிக்கும்போது, கூட வேலை செய்யும் பெண்ணின் போனில் கேட்டிருக்கிறார். தன் குரல் தனக்குத் தெரியாதா? “எம் மககிட்ட மட்டும் யாரும் சொல்லிராதீங்க, படிக்கிற பிள்ள” என்று தோட்டத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டாராம். அத்தனை பேரும் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் ஒருவர் வாயிலிருந்துகூட அது வெளியே வரவில்லை.

“அப்புறம் என்னம்மா செஞ்சீங்க?”

“என்ன செய்றது? கல்யாண வீடு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். ‘வா, சாப்புடுவோம்’னாங்க. சாப்பிட்டோம். நான் அழுதப்ப, ‘அழாத, யாராச்சும் போனத் தூக்கிருவாங்க’ன்னு சொன்னாங்க.”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

இதை எழுதும்போது அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். யார் யாரோ போட்ட பிரதிகள்... பார்த்தவர்களின் எண்ணிக்கை இன்னும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஏற்றுவது நாம்தான் – வேறு யார்?