சந்தின் வாய்க்கு ஒரு கண்ணாடி

எங்கள் வார்டில் சங்கம், மன்றம், குழு என்று எத்தனை இருந்தாலும் வருஷத்துக்கு ஒன்றுக்குத்தான் கவுன்சில் நிதி தரும். போன வருஷம் கேட்டது இரண்டு. ஒன்று, நான் செயலாளராக இருக்கும் இளைஞர் மன்றம். இன்னொன்று, டாலிகஞ்ச் வளைவில் பரோட்டா கடை வைத்திருக்கிற ஒருவர் தொடங்கிய சங்கம். எனக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைத்ததைவிட அவருக்குக் கிடைத்துவிடக் கூடாது என்றுதான் நான் அதிகம் நினைத்தேன். இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது கொஞ்சம் சுலபம்.

மெயின் ரோடு மேட்டிலிருந்து இறங்கித் திரும்புகிற அந்த வளைவில்தான் எங்கள் சந்து வந்து சேர்கிறது. ஒரு பக்கம் தடுப்புச் சுவர், மறுபக்கம் மூங்கில் புதர். ரோட்டில் கால் வைத்த பிறகுதான் மேலேயிருந்து என்ன வருகிறது என்று தெரியும். தண்ணீர் டேங்கர் வரும். பிரைவேட் பஸ் வரும். மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்குத் தேனிலவுக்கு வந்தவர்கள் வாடகை ஸ்கூட்டியில், ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். போன மழையில் அப்படி ஒரு ஸ்கூட்டி வழுக்கி, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையின் காலை உடைத்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கிற பெங்காலிக் குடும்பம். ஆறாவது படிக்கிறாள். கட்டுப்போட்ட காலோடு அவளை நாற்காலியில் வைத்துச் சந்துக்குள் தூக்கி வந்த அன்று எல்லோரும், "ஏதாவது செய்யணும்" என்றார்கள். செய்யப்போவது நான்தான் என்று முடிவு செய்துகொண்டேன். எழுதத் தெரிந்தவன் நான்தானே.

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். அப்பா ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் மூட்டை இறக்குகிறவர். கூலி வாங்க மஸ்டர் ரோலில் கையெழுத்துப் போடுவதற்காக ஒரு கிளார்க் அவருக்குப் பேரை மட்டும் ஹிந்தியில் எழுதக் கற்றுக்கொடுத்தார். இன்றுவரை அந்த நாலு எழுத்துதான் அவருடைய மொத்தப் படிப்பு. அம்மா பஸ்ஸை நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பாள். நான் காலேஜ் முடித்து, அதே ஜெட்டியில் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் அடித்துக்கொடுக்கிற தற்காலிக வேலையில் இருக்கிறேன். சந்தில் யாருக்கு ரேஷன் கார்டு, ஐலண்டர் கார்டு, விதவை பென்ஷன் எது வேண்டுமென்றாலும் மனு என்னிடம்தான் வரும். 'ரைட்டர் பாபு' என்று கூப்பிடுவார்கள். கேலியும் அதில் உண்டு. எனக்கு அது மரியாதையாகவே கேட்டது.

பரோட்டா கடைக்காரர் நாலு வருஷத்துக்கு முன்னால் கப்பலில், இருப்பதிலேயே மலிவான பங்க் கிளாஸில் வந்து இறங்கியவர். திருநெல்வேலிப் பக்கம். எட்டாவதோடு நிறுத்தியவர். அவர் பேசும் ஹிந்தியில் ஆண்பால், பெண்பால் கிடையாது. "மேரா பீவி கல் ஆயேகா" என்பார்; என் பெண்டாட்டி நாளைக்கு வருவான் என்கிற மாதிரி. கடையில் இருக்கிற நாலு பாஷைக்காரர்களும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். என் ஹிந்தியில் ஒரு பிழை வராது. அதனால் நான் பேசும்போது யாரும் சிரிப்பதில்லை, நின்று கேட்பதும் இல்லை. அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். பெங்காலிக் காய்கறிக்காரர் 'ஒன்னாச்சி' என்பார். மீன் விற்கிற தெலுங்கு அம்மா 'அண்ணாச்சிகாரு' என்று இரட்டை மரியாதை கொடுப்பார். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஆபீஸ் பட்டப்பெயர், நேற்று வந்தவருக்கு உறவு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் டியூட்டி முடிந்து சந்துக்குள் திரும்பும்போது கடையிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. வெடித்து, இருமலில் போய் முடிகிற சிரிப்பு. யாரென்று எட்டிப் பார்த்தேன். என் அப்பா. வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. என்னைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டு, "வா, போலாம்" என்று எழுந்துவிட்டார்.

நிதிக்கு மாசக் கடைசிக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்று கவுன்சிலர் கூட்டத்தில் சொன்னார். நான் ஐந்து பக்கம் எழுதினேன். மெயின் ரோட்டில் மூன்று ஸ்பீட் பிரேக்கர், ஒரு எச்சரிக்கைப் பலகை, மன்றத்தின் பேர் போட்ட டி-ஷர்ட்டோடு ஒரு விழிப்புணர்வு ஊர்வலம். ஐந்து பக்கத்தையும் திரும்பத் திரும்ப வாசித்து நானே மெச்சிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பார்சல்.

"தம்பி, சும்மா இருக்கியளா? சங்கத்துக்கு ஒரு மனு எழுதணும். நீங்க எழுதினாத்தான் ஆபீசுல படிப்பாவ."

"எங்க மன்றமும் போடுது அண்ணாச்சி."

"அப்படியா? போடுங்க, போடுங்க. எதுல வந்தா என்ன, வளைவுக்குத்தான வருது." பார்சலை அம்மாவிடம் கொடுத்தார். "நீங்க என்ன கேட்டிருக்கிய?"

"மூணு ஸ்பீட் பிரேக்கர். மெயின் ரோட்டுல."

"அது கவுன்சில் ரோடு இல்லலா தம்பி. அதுக்கு வேற ஆபீசு. நம்ம சந்து மட்டுந்தான் கவுன்சிலுக்கு. ரோடு போடுதவங்க நம்ம கடைலதான சாப்பிடுதாவ, கேட்டேன். அதனால சந்து வாசலோட நிறுத்திக்கிடுவோம்னு பாக்கேன்."

அவருக்கு வேண்டியது மூன்றே விஷயம். சந்து வாசலில் ஒரு குண்டுக் கண்ணாடி. அதில் மேலேயிருந்து வருகிற வண்டி தெரியும். தரையில் வெள்ளைக் கோடு. இரண்டு விசிலும் இரண்டு மின்னுகிற சட்டையும். காலையும் சாயங்காலமும் பள்ளிக்கூட நேரத்தில் ஆள் நின்று பிள்ளைகளை ரோட்டைக் கடக்கவிட.

ஐந்து பக்கம் எழுதிய நான் ஒரு ஆளிடமும் ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதினேன். 'மேலிருந்து இறங்கும் வாகனங்களுக்குச் சந்தின் வாய் தெரிவதில்லை. சந்திலிருந்து வரும் குழந்தைக்கு வாகனத்தின் முகம் தெரிவதில்லை' என்று ஒரு வரி வந்து விழுந்தது. நான் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான். அதை அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்கிறோமே என்று இருந்தது. அவர் வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. "சரியாத்தான் இருக்கும்" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஜெட்டிக்கு எதிரே உள்ள பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எங்கள் மனுவைப் புதிதாக டைப் செய்தேன். ஸ்பீட் பிரேக்கரை எடுத்தேன். கண்ணாடி, கோடு, விசில், சட்டை. அந்த நல்ல வரியையும் வைத்தேன். என் வரிதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். 'எங்கள் மன்ற உறுப்பினர்கள் தினமும் நின்று குழந்தைகளுக்கு உதவுவார்கள்' என்றும் சேர்த்தேன். அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மன்றத்துப் பையன்களிடம், "எனக்கு ஒரு யோசனை வந்துது" என்றேன்.

"கண்ணாடியா? நல்லாருக்கே பாய்," என்றான் ஒருவன். "அப்ப டி-ஷர்ட் கிடையாதா?"

அண்ணாச்சியின் மனு மூன்று நாள் கழித்துத்தான் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு வாரத்தில் இரண்டு பேரையும் கவுன்சில் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கவுண்டரில் ஒரு மேடம். ஹிந்திக்காரர். இரண்டு மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு விரலை இதிலும் ஒரு விரலை அதிலும் ஓட்டினார். அந்த வரியில் இரண்டு விரலும் நின்றன.

"இது அதோட ஜெராக்ஸா, அது இதோட ஜெராக்ஸா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

பிழையில்லாத என் ஹிந்தியில் ஒரு சொல் வரவில்லை.

அண்ணாச்சி முன்னால் வந்தார். "மேடம், தோனோ தம்பி லிக்கா. அமாரா ஏரியா மே லிக்னேவாலா ஏக் ஹீ ஆத்மி."

இரண்டையும் இவர்தான் எழுதினார், எங்கள் ஏரியாவில் எழுதத் தெரிந்த ஆள் ஒருத்தர்தான். மேடம் சிரித்துவிட்டார். நானும் சிரிப்பது மாதிரி செய்தேன். தெரிந்து என்னைக் காப்பாற்றினாரா, தெரியாமல் உள்ளதைச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

கடைசியில் முடிவானது ரெஜிஸ்ட்ரேஷனில். எங்கள் மன்றம் பதிவு செய்தது. அவர் சங்கம் இன்னும் பதிவாகவில்லை. நிதி எங்களுக்கு.

வெளியே வந்ததும் அவரே டீ வாங்கிக் கொடுத்தார். "உங்க கைக்கு வந்துட்டுலா. நல்லதாப் போச்சு," என்றார். முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று டீ முடியும்வரை பார்த்தேன். சர்க்கரை கூட என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "பரோட்டா கடைப் பிள்ளைக்குச் சொல்லிட்டியா? அதுதான இதுக்கு அலைஞ்சுது" என்றாள். ஜெயித்தவன் நான் என்று யாருக்கும் உறைக்கவில்லை.

கண்ணாடியைக் கம்பத்தோடு கொண்டுவந்து இறக்கிய அன்று நான் லீவு போட்டு, ஃபைலோடு நின்றேன். வேலையாள், "எங்க நடணும்?" என்றார். மனுவில் 'தகுந்த இடத்தில்' என்று எழுதியிருந்தேன். ஒரு இடத்தைக் காட்டினேன். குழி பாதி தோண்டியிருக்கும்போது இறங்கி வந்த பஸ் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, என் தலைக்கு மேலாகக் கடையைப் பார்த்து, இங்கே வைத்தால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கத்தினார். "அண்ணாச்சி" என்றுதான் கத்தினார்.

அவர் மாவுக் கையோடு வந்தார். முதலில் சந்து வாசலில் குந்தி உட்கார்ந்து, ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்தில் மேலே பார்த்தார். பிறகு பஸ்ஸின் படியில் ஏறி, டிரைவர் பக்கத்திலிருந்து கீழே பார்த்தார். கம்பத்தை நாலு முழம் தள்ளி நடச் சொன்னார். ஜெட்டியிலிருந்து திரும்பி வந்த அப்பா, சிமென்ட் இறுகும்வரை கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். "அப்பா, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றேன். அவர் அசையவில்லை. அண்ணாச்சியின் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டார். அண்ணாச்சி தலையசைத்த பிறகுதான் அப்பா நகர்த்தினார். அந்த ஒரு பார்வைக்கு நான் எத்தனை மனு எழுதியிருந்தாலும் ஈடாகாது என்று அங்கேயே தெரிந்தது.

வேலை முடிந்ததாக அறிக்கை கொடுக்க வேண்டும்; அந்த இடத்தில் வசிக்கும் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சந்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் அண்ணாச்சியிடம்தான் போனேன். ஏன் என்று கேட்டால், அவர் கோபப்பட்டு ஒருதரமாவது பார்க்க வேண்டும் போலிருந்தது. பேனாவைத் திறந்துவிட்டார், நான் தாளைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டேன்.

"வாசிச்சுடறேன் அண்ணாச்சி."

"எதுக்கு? நீங்க எழுதினதுதான."

"இல்ல, கேளுங்க."

தமிழில் சொன்னேன். 'கண்ணாடி வைக்கும் யோசனை எங்கள் மன்றத்துடையது' என்ற வரி வந்தபோது குரல் இறங்கிவிட்டது. அவர் கல்லில் பரோட்டாவைத் திருப்பினார். நான் நிறுத்தாமல் கடைசிவரை வாசித்தேன். முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"கடைசில என்னமோ சொன்னியளே, மன்றத்துக்காரவிய தினம் நிப்பாவன்னு?"

"ஆமா."

"அப்ப நாளைலருந்து உங்க பயலுவ வாரானுவ. நல்லது தம்பி. காலைல கடையும் ரோடுமா எனக்கு முடியல. மாவு காஞ்சு போவுது."

அந்தப் பிள்ளைக்கு அடிபட்டதிலிருந்து காலையில் அவர்தான் நின்றிருக்கிறார். நான் ஏழு மணி பஸ்ஸில் டியூட்டிக்குப் போய்விடுவதால் பார்த்ததில்லை. கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, விசில் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டார். புது விசிலை நான் இன்னும் பிரிக்கக்கூட இல்லை.

மறுநாள் ஏழேகாலுக்கு மன்றத்தில் ஒருவனும் வரவில்லை. ஒருவன் போனை எடுத்து, "பாய், நைட் டியூட்டி" என்றான். மற்றவர்கள் எடுக்கவே இல்லை. ஜெட்டி கவுண்டரில் ஷிப்டை மாற்றிக் கேட்டுக்கொண்டு நான் மின்னுகிற சட்டையை மாட்டினேன்.

பிள்ளைகள் சந்து வாசலில் கூடி நின்றார்கள். நான் விசில் ஊதிக் கையைக் காட்டினேன். ஒருவரும் நகரவில்லை. பதினைந்து தலையும் கடைப் பக்கம் திரும்பியிருந்தன. கால் ஆறிய அந்தப் பெண் மட்டும் என்னிடம் வந்து, "அண்ணாச்சி நஹீ ஆயேங்கே?" என்றாள், அண்ணாச்சி வரமாட்டாரா என்று.

"இனிமே நான்தான்," என்று ஹிந்தியில் சொன்னேன்.

அவள் என் சட்டையைப் பார்த்தாள், விசிலைப் பார்த்தாள், மறுபடி கடையைப் பார்த்தாள். கல்லுக்குப் பின்னால் அண்ணாச்சி எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையசைத்தால் போதும், பதினைந்தும் கடந்துவிடும். அவர் அசைக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. காலி அலமாரியைத் துடைத்தார்.

வேறு வழியில்லாமல் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். ஊதினேன். கடக்கத் தொடங்கினார்கள்.

அதைக்கூட அவர்தான் செய்து கொடுக்க வேண்டியிருந்தது என்று எரிச்சலாக இருந்தது. மேலேயிருந்து டேங்கர் ஹார்ன் கேட்டது. இன்னும் மூன்று பிள்ளைகள் இந்தப் பக்கம் நின்றார்கள். நான் அவர்களைப் பார்த்துக் கையை நீட்டி, நில்லுங்கள் என்றேன்.