வெள்ளிக்கிழமையில் சொன்ன சந்தோஷ தேவ இரகசியம்

போன வருடம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டுக்காரருக்குப் பேச்சு நின்றுபோனது. திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மல்லிகை ஏலம் கூறிக்கொண்டிருந்தவர் அடுத்த விலையைச் சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். சொல் வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை தொங்கி, பூ மூட்டைகளின் மேலேயே சரிந்துவிட்டார்.

அவர் பெயர் சவரிமுத்து. மைக் தேவைப்படாத தொண்டை. எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியத்தில் ஜெபமாலையை முன்னின்று சொல்கிறவரும் அவர்தான். ஒவ்வொரு மணிக்கும் சொல்கிற மாதா மந்திரத்தின் முன்பாதியை அவர் சொல்வார், பின்பாதியை நாங்கள் சொல்வோம். எந்தக் கிழமைக்கு எந்தத் தேவ இரகசியம், அதாவது இயேசு, மாதா வாழ்க்கையின் எந்தச் சந்தோஷத்தை, எந்தத் துக்கத்தைத் தியானிப்பது என்பதில் அவரிடம் தப்பு நடக்காது.

நான் பிலோமினா. எனக்கு வாய் அதிகம் என்பது ஊருக்கே தெரியும். ஜெபத்திலும் அவசரக்காரி. அவர் முடிக்குமுன்பே "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று பின்பாதிக்குப் பாய்ந்துவிடுவேன். "ஏ புள்ள, ரயிலப் பிடிக்கவா போற? செத்த நின்னு சொல்லு" என்று அத்தனை பேர் முன்னாலும் திட்டுவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து சண்டை பிடிப்பேன்.

மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிர் தப்பியது. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "உயிருக்குப் பயமில்லம்மா. கை காலு கொஞ்சம் தேறிரும். பேச்சு எம்புட்டு வரும்னு சொல்ல முடியாது. வராமலும் போகலாம்."

அன்று சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். செவ்வாயும் வெள்ளியும் துக்க தேவ இரகசியங்கள் சொல்வது முறை. "இயேசு பூங்காவனத்தில் இரத்த வியர்வை வியர்த்தது" என்று முதல் துக்கத்தை ஆரம்பித்தேன். அதற்குமேல் நாக்கு நகரவில்லை. துக்கம் வரவில்லை எனக்கு, ஆத்திரம்தான் வந்தது.

மாதாவிடம் வாய்விட்டே சொன்னேன். "துக்கத்த நீ எனக்குச் சொல்லித்தர வேணாம்த்தா. வீடு நெறைய கெடக்கு. இனிமே எல்லா நாளும் சந்தோஷ தேவ இரகசியம் மட்டுந்தான் சொல்லுவேன். அவருக்குப் பேச்சத் திருப்பிக் குடு. பெரிய பேச்செல்லாம் கேக்கல. என்னையத் திட்டுற அளவுக்குக் குடு, போதும். அதுக்கப்பறம் மத்ததப் பாப்போம்." பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். இது பக்தி இல்லை, வெறும் அடம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கால் தேறியது, பிடித்துக்கொண்டு நடந்தார். வாயில் வந்த ஒரே சத்தம் "தா". தண்ணீருக்கும் தா, வலித்தாலும் தா, அழுகை வந்தாலும் தா. பார்க்க வந்தவர்கள் அவர் அங்கே இல்லாத மாதிரிப் பேசினார்கள். அவருடைய அக்கா, என் மதினி, கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே, "இவனுக்கு இனி என்னத்தா தெரியப்போகுது? கொழந்தை மாதிரி வச்சுப் பாத்துக்க. அம்புட்டுத்தான்" என்றார். என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மதினி, அவருக்குப் போனது பேச்சுத்தான். காது போகல. பேசுறதுன்னா அவருகிட்டப் பேசுங்க, இல்லன்னா வெளிய போயிப் பேசுங்க" என்றேன். மதினி இரண்டு வாரம் வீட்டுப்பக்கம் வரவில்லை.

தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இடது கையில் ஜெபமாலையைக் கொடுப்பேன். முன்பாதியைச் சொல்லிவிட்டு, பின்பாதிக்கு அவர் முகத்தையே பார்ப்பேன். உதடு அசையும், சத்தம் வராது. பிறகு அதையும் நானே சொல்வேன். எல்லா நாளும் சந்தோஷம்தான். சில நாள் நான் ஆரம்பித்த உடனே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு "தா, தா" என்று இடது கையை ஆட்டுவார். கை வலிக்கிறதோ என்று தைலம் தடவிவிட்டேன்.

வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போனோம். பேகம்பூரில் ஆட்டோ ஓட்டுகிற காதர் பாய்தான் எங்களைக் கொண்டுபோய்விடுவார். பயிற்சி கொடுத்த பெண், "ரொம்ப வருஷமா வாயில பழகுன பாட்டு, ஜெபம் இதெல்லாம் சில பேருக்கு முதல்ல வரும்மா, சொல்லிக்கிட்டே இருங்க" என்றாள். ஆவணி போனது, புரட்டாசியும் பாதி போனது. ஒன்றும் வரவில்லை. நான் மாதாவிடம் முறைத்துக்கொண்டேதான் ஜெபித்தேன். ஒருநாள்கூட விடவில்லை.

அக்டோபர் மாதம் வந்தது. அந்த ஜெபமாலை மாதத்தில் எங்கள் அன்பியத்தில் மாதா சுரூபம், அதாவது மாதாவின் சிலை, தினமும் ஒரு வீட்டுக்கு வரும். அந்த வீட்டில் எல்லாரும் கூடி ஜெபமாலை சொல்லி, மறுநாள் அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போவோம். அன்பியத் தலைவி ரோஸ்லின் டீச்சர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"பிலோமி, இந்த வருஷம் ஒங்க வீட்ட விட்டுறலாம்னு நெனைக்கிறோம். அம்புட்டுப் பேரு வந்தா அண்ணனுக்குச் சிரமம்."

"நோயாளி இருக்குற வீட்டத் தாண்டிப் போக மாதாவுக்கு அப்படி என்ன அவசரம் டீச்சர்? வரட்டும். அவகிட்ட எனக்குப் பேச வேண்டியது இருக்கு."

கோபம் ஆறி அன்றுதான் வந்திருந்த மதினி குறுக்கே விழுந்தார். "ஊரே கூடி அவன இந்தக் கோலத்துல பாக்கணுமா?"

"பாக்கட்டும் மதினி. அவரு என்ன திருடிட்டா ஒக்காந்துருக்காரு?"

டீச்சர் சிரித்துவிட்டுப் பட்டியலில் எங்கள் வீட்டை எழுதினார். எங்கள் முறை இரண்டாவது வெள்ளிக்கிழமை வந்தது.

அன்று அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, சுரூபத்துக்கு எதிரே முதல் நாற்காலியில் உட்காரவைத்தேன். வீடு நிரம்பி வாசல் வரை ஆட்கள். முன்னின்று சொல்வது யார் என்று எல்லாரும் பார்த்தார்கள். நானே எழுந்து நின்றேன். மாதாவை நேராகப் பார்த்துக்கொண்டு சத்தமாகவே சொன்னேன். "இன்று நாம் தியானிக்க வேண்டியவை, சந்தோஷ தேவ இரகசியங்கள்."

கூட்டத்தில் சலசலப்பு. ரோஸ்லின் டீச்சர் மெதுவாக, "பிலோமி, இன்னைக்குத் துக்கம்" என்றார். எனக்குத் தெரியாதா? "என் வீட்டுல எல்லா நாளும் சந்தோஷந்தான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, "கபிரியேல் சம்மனசு மங்கள வார்த்தை சொன்னது" என்று முதல் சந்தோஷத்தைத் தொடங்கினேன்.

நாற்காலியை யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். அவர்தான். இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "தா... தா..." என்றார். ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"வெ... வெள்ளி" என்றார். "துக்கம். துக்கம், புள்ள."

என்னைத் திட்டினார். மூன்று மாதம் கழித்து, அத்தனை பேர் முன்னாலும், ஜெபமாலையில் தப்புச் சொன்னதற்காக என்னைத் திட்டினார். நான் கேட்டது அதைத்தான்.

மதினி அவர் காலடியில் உட்கார்ந்து அழுதார். என்னால் அழக்கூட முடியவில்லை. இத்தனை நாளும் அவர் கையை ஆட்டியது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. செவ்வாயும் வெள்ளியும் என் பிழையைத் திருத்தப் போராடியிருக்கிறார். நான் தைலம் தடவியிருக்கிறேன்.

முழங்காலில் நின்று மறுபடி தொடங்கினேன். "இயேசு பூங்காவனத்தில் இரத்த வியர்வை வியர்த்தது." இந்த முறை நாக்கு நகர்ந்தது. அந்தப் பூங்காவனத்தில் ஆண்டவரும் என்னைப்போல்தான், இந்தத் துன்பப் பாத்திரம் வேண்டாம் என்று தகப்பனிடம் மன்றாடினார். நான் எந்த இடத்தை மூன்று மாதமாகத் தாண்டித் தாண்டி ஓடினேனோ, அந்த இடத்தில்தான் ஆண்டவர் எனக்காக உட்கார்ந்திருந்தார். பேச்சில்லாத என் வீட்டுக்காரர் அதைத் தெரிந்துவைத்திருந்தார். வாயாடி நான்தான் தெரியாமல் இருந்தேன். முதல் மணியில் பின்பாதி வந்தபோது கூட்டத்தின் குரலுக்கு நடுவே அவர் குரலும் கேட்டது. உடைந்து, பின்தங்கி, ஆனால் கேட்டது. "இப்பொழுதும்... வேண்டிக்கொள்ளும்."

மூளையில் அது அப்படித்தான், பழகின ஜெபம் வேறு இடத்தில் தங்கியிருக்கும், இதில் அற்புதம் எங்கே என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். இருக்கட்டும். அந்த இடத்தில் என் வீட்டுக்காரரின் குரலை அலுங்காமல் வைத்திருந்தது யார்? அதற்கு அந்தச் சொந்தக்காரர் பதில் சொல்லட்டும், பிறகு நான் ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஜெபத்தைப் பிடித்துக்கொண்டே பயிற்சி கொடுத்த பெண் அவருக்கு மற்றச் சொற்களையும் வரவழைத்தாள். இன்று பேசுகிறார். மெதுவாகத்தான். தோசையை இட்லி என்பார், எங்கள் மகளை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஏலம் கூற இனி முடியாது. ஏன் முழுசாகக் கொடுக்கவில்லை என்று மாதாவிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் துக்கத்தை அதன் கிழமையில் சொல்கிறேன். நோயாளி இருக்கிற வீடுகளுக்கு நாங்கள் இருவரும் போகிறோம். பேச்சில்லாமல் படுத்திருப்பவரின் தலைக்குமேல் யாரும் பேச நான் விடுவதில்லை. அவர் கையில் ஜெபமாலையைக் கொடுத்து, பின்பாதிக்குக் காத்திருக்கிறோம்.

இதை வாசிக்கிற நீங்கள் கோபத்தில் இருக்கலாம். நல்ல வார்த்தை வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இருக்கிற கோபத்தோடு மாதா முன்னால் போய் உட்காருங்கள். அவள் தாய், பிள்ளைகள் போடுகிற சத்தம் அவளுக்குப் புதிதில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், கையில் இருக்கிற ஜெபமாலை மணியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.